நம் கைரேகை யார் கையில்?

(மும்பையில் நமது சங்கத்தின் மாதாந்திர ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், செயற்குழு உறுப்பினரும் மின்பணித் தொழிலாளியுமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



'செயற்கை அறிவுக் காலத்தில் இணையப் பாதுகாப்பு' என்ற தலைப்பில் பேச வேண்டுமென்று செயலாளர் என்னைப் பணித்தபோது, "இதற்கெல்லாம் படித்த பேராசிரியர் யாரையாவது கூப்பிடுங்கள் அண்ணாச்சி, நான் வயர் இழுக்கிறவன்" என்றேன். அவர் விடவில்லை. "நம் சங்கத்திலேயே மேகத்துக்குள் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவன் நீ ஒருவன்தான், நீதான் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டார். (சிரிப்பு)

அவர் சொன்னது உண்மைதான். நவி மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் காண்டிராக்ட் எலக்ட்ரீஷியனாக ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். கிளவுட், கிளவுட் என்கிறார்களே, உங்கள் பிள்ளைகள் போட்டோவெல்லாம் 'கிளவுடில் இருக்கிறது' என்கிறார்களே, அந்த மேகம் வானத்தில் இல்லை. ஜன்னல் இல்லாத பெரிய கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே ஆளுயர இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு அலமாரியிலும் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள். அவை இரவு பகல் ஓடுவதால் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க ராட்சதக் குளிரூட்டும் எந்திரங்கள், மின்சாரம் ஒரு விநாடி நின்றாலும் தாங்கிப் பிடிக்க பேட்டரி அறைகள், அதற்கும் பின்னால் டீசல் ஜெனரேட்டர்கள். கடலுக்கடியில் வரும் சர்வதேசக் கேபிள்கள் மும்பையிலும் சென்னையிலும் கரையேறுவதால், இந்த இரண்டு ஊர்களையும் சுற்றித்தான் இப்படிப்பட்ட கட்டடங்கள் அதிகம் எழும்பின. நம் கோலியில் கோடைக்காலத்தில் கரண்ட் போனால் விசிறியை எடுத்து வீசிக்கொள்கிறோம். நம்முடைய போட்டோவுக்கு ஒரு நொடிகூடக் கரண்ட் போவதில்லை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் நான் நுழையும்போது வாசலில் என் போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டுவார்கள். பையைச் சோதிப்பார்கள். கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும். நான் எந்த அறையில் எத்தனை நிமிடம் இருந்தேன் என்பது பதிவாகும். தவறென்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொத்தை அவர்கள் காக்கிறார்கள். ஆனால் அந்தச் சொத்து எது? உங்கள் பெயர், என் முகவரி, அவள் மருத்துவச் சீட்டு, இவன் கடன் கணக்கு. நம்முடைய சரக்கை அவர்கள் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதே சரக்கை நாம் என்ன பாடு படுத்துகிறோம்? ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் இரண்டு கூடுதலாக விழுந்தால் அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம்.

நாம் சொந்த ஊரில் இல்லாதவர்கள். நம் குடும்பமே போனுக்குள் இருக்கிறது. அம்மா திருநெல்வேலியில், தம்பி சூரத்தில், மகள் கல்யாணமாகி பெங்களூரில். அந்தக் காலத்தில் என் தகப்பனார் மாதம் ஒரு மணியார்டரும் ஓர் இன்லண்ட் கடிதமும் அனுப்புவார். அந்த நீலக் காகிதத்தை மடித்து எச்சில் தொட்டு ஒட்டினால், அதற்குள் எழுதியது அவருக்கும் என் ஆத்தாளுக்கும் மட்டும்தான். அந்தக் கடிதத்தைக்கூட அரசு விரிந்த முறையில் பிரித்துப் பார்க்க வழிசெய்யும் மசோதா ஒன்று 1986-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்குக் கையெழுத்திடாமலே வைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து 2002-ல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு கடித உறைக்காக அன்று அத்தனை விவாதம் நடந்தது. இன்று நம் போனில் இருக்கும் ஆயிரம் கடிதங்களை, பெயரே தெரியாத ஒரு செயலி ஒரே பொத்தானில் வாங்கிக்கொண்டு போகிறது.

அந்தப் பொத்தானை அழுத்தியவன் நான். அதைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்தேன்.

என் மதினி இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "சொல்லு தம்பி, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் பேசுகிறேன். அண்ணன் இறந்தபின் காலையில் இட்லி வியாபாரம் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், பள்ளிக் கட்டணத்துக்கு ஆறாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. யாரிடமும் கைநீட்டக் கூடாது என்று நினைத்து, போனில் வந்த ஒரு கடன் செயலி விளம்பரத்தைக் காட்டி, "இது நல்லதா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு இரண்டு ஷிப்டு அலுப்பு. செயலியை இறக்கிக் கொடுத்தேன். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? அனுமதி. படங்களைப் பார்க்கலாமா? அனுமதி. இங்கிலீஷில் கேட்டான், நானும் படிக்காமல் நாலைந்து முறை அழுத்தினேன். டேட்டா சென்டரில் வேலை பார்க்கிற அறிவாளி செய்த வேலை இது!

கைக்கு வந்தது மூவாயிரத்துத் தொள்ளாயிரம். மீதி 'கட்டணம்'. ஏழு நாளில் ஆறாயிரமாகத் திருப்ப வேண்டும். ஆறாவது நாளே போன் வர ஆரம்பித்தது. முதல் கடனை அடைக்க இன்னொரு செயலி, அதை அடைக்க இன்னொன்று. ஒன்றரை மாதத்தில் இருபத்திரண்டாயிரம் கட்டியிருக்கிறார்கள். பிறகுதான் படம் வந்தது. போனில் இருந்த குடும்ப போட்டோவிலிருந்து மதினி முகத்தை வெட்டி, வேறோர் உடம்பில் ஒட்டி, அந்த அசிங்கத்தை மகனுடைய வகுப்பு டீச்சருக்கும், இட்லி வாங்குகிற வாடிக்கையாளர்களுக்கும், ஊரில் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பினார்கள். மூன்று நாள் மதினி கதவைத் திறக்கவில்லை. இட்லிப் பானை கவிழ்த்தபடியே கிடந்தது. எதிர்வீட்டு அக்கா சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே இருந்ததால்தான் இன்று அவர்களை நாம் பார்க்கிறோம். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்களே அம்மா" என்றார்கள். தோழர்களே, இந்த 'அனுமதி' என்ற சொல்லைத்தான் நாம் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது: கடன் செயலிகள் கடனாளியின் போனில் உள்ள தொடர்பு எண்களையோ, கோப்புகளையோ, அழைப்புப் பதிவுகளையோ தொடக் கூடாது. அதாவது அவன் கேட்டதே முறையற்றது. முறையற்றதைக் கேட்டவனை விட்டுவிட்டு, கொடுத்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது ஊர்.

அனுமதிக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்காக, பிழைக்கப் போன இடத்தில் முதலில் சிறைக்குப் போனவர்களில் நம் தமிழர்கள் இருந்தார்கள். 1906-ல் தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்வாலில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தியர்களும் மற்ற ஆசியர்களும் பெயரைப் பதிந்து, பத்து விரல் ரேகையும் கொடுத்து, ஒரு சீட்டு வாங்கி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரன் தெருவில் மறித்துக் கேட்டால் காட்ட வேண்டும். குற்றவாளிகளுக்குத்தானே ரேகை எடுப்பார்கள், உழைக்க வந்தவனுக்கு எதற்கு என்று மக்கள் கொதித்தார்கள். காந்தி தலைமையில் போராட்டம் எழுந்தது. அதில் தம்பி நாயுடு என்ற தமிழர் தளபதிபோல் நின்று பலமுறை சிறை சென்றார். ட்ரான்ஸ்வால் தமிழர்கள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிச் சிறையை நிரப்பினார்கள்.

இதில் பலர் மறந்துவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. 1908 ஜனவரியில் அரசோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சட்டத்தின் கட்டாயத்தில் கொடுக்க மாட்டோம், நாங்களாக விரும்பிப் பதிந்துகொள்கிறோம் என்பதுதான் அது. "அப்படியானால் எதற்காக இத்தனை நாள் ரேகை கூடாது என்றீர்?" என்று சினந்து, சொந்த மக்களிலேயே சிலர் பிப்ரவரி 10-ம் தேதி காந்தியை நடுத்தெருவில் அடித்து வீழ்த்தினார்கள். ரேகை அதே ரேகைதான். மிரட்டி வாங்கினால் அடிமைச் சீட்டு, நானாகக் கொடுத்தால் என் கையெழுத்து என்பது அவர் கட்சி. அடித்தவர்களின் சந்தேகத்தையும் நான் முழுக்கத் தள்ள மாட்டேன். ஏனென்றால் சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. நம்பிக் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 16-ம் தேதி, ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் பெரிய இரும்புக் கொப்பரையை வைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். பிறகு 1913-ல் போராட்டம் வேறு கோரிக்கைகளோடு மீண்டும் எழுந்தபோதுதான் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் மறைந்தாள்.

அன்று சீட்டை எரிக்க முடிந்தது. இன்று என் கைரேகையை நான் எந்தக் கொப்பரையில் போடுவேன்? அது என் முதலாளி கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதன் நகல் இன்னோர் ஊரில் இருக்கிறது, நகலுக்கு நகல் இருக்கிறது. ஓர் அலமாரி எரிந்தாலும் தகவல் அழியக் கூடாது என்பதற்காகத்தானே எங்களைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்! பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம். விரல் திருடு போனால்? 2018-ல் தெலங்கானாவில் ஒருவன், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கட்டைவிரல் ரேகைகளை எடுத்து ரப்பர் முத்திரை போலச் செய்து, அதை வைத்து சிம் கார்டுகளை இயக்கிப் பிடிபட்டான். பின்னால் அதே வித்தையை, ஆதாரும் விரலும் இருந்தால் பணம் தரும் கிராமத்து மைக்ரோ ஏ.டி.எம். முறையிலும் திருடர்கள் காட்டினார்கள். ஓ.டி.பி. கேட்காத வழி அது. பாடுபட்டவன் கணக்கில் பணம் போனது பாஸ்புக் பதியும்போதுதான் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். திருடன் செய்த போலி விரலை எந்திரம் ஏற்றுக்கொள்கிறது. கொத்து வேலை செய்து, பாத்திரம் தேய்த்து, ரேகை தேய்ந்துபோன நம் விரலை ரேஷன் கடை எந்திரம் 'இல்லை' என்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்ற திட்டத்தால், ஊர் அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விரல் விழவில்லையென்றால் திரும்பிப் போ என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் உரிமை இருக்கக் கூடாது. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தான ஒரு குடும்பத்தில் பதினோரு வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றாள் தாய். இல்லை, நோய் என்றது அரசு. நான் தாயை நம்புகிறேன்.

'நாம் ஏழைகள், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு கரக் சிங்கின் கதையைச் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் அவர் பெயரில் ஓர் ஏடு திறந்தார்கள். நடுராத்திரியில் போலீஸ் கதவைத் தட்டும். எழுந்து வந்து முகத்தைக் காட்ட வேண்டும். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1962-ல் அந்த நள்ளிரவு வருகை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமையல்ல என்றும் அதே தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். அந்தச் சிறுபான்மைக் குரல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது. ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த ஆதார் வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். மறுஆண்டு செப்டம்பரில் ஆதார் சட்டம் செல்லும் என்றாலும், தனியார் கம்பெனிகள் அதைக் கட்டாயமாகக் கேட்க வழிவிட்ட பிரிவை நீதிமன்றம் வெட்டியது. ஆக, நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட ஒரு சாதாரண மனிதன் தொடங்கிய வழக்கு இது. பங்களாக்காரன் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்?

இப்போது சட்டம் ஒன்று இருக்கிறது. 2023-ல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். கம்பெனி அஜாக்கிரதையாகத் தகவலைக் கசியவிட்டால் இருநூற்றைம்பது கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், மதினிக்கு வராது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கேட்க இருந்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கச் சொல்கிறது. தன் துறைகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்குப் பத்தாயிரம் வரை அபராதமும் உண்டு! தகவல் பெறும் உரிமைச் சட்டத்தையும் இதே சாக்கில் சுருக்கிவிட்டார்கள். தனிமனிதத் தகவல் என்ற பெயரில் அதிகாரியின் கணக்கு மறைகிறது, நம் கணக்கு திறந்து கிடக்கிறது.

இருந்தாலும் அந்தச் சட்டத்தில் நமக்கென்றே ஒரு வரி இருக்கிறது. நம்மிடம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படித்துப் பார்க்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்தால்தான் தமிழில் என்று சட்டம் சொல்லவில்லை. மும்பையில் இருந்தாலும் உண்டு. அன்றைக்கு அந்தச் செயலி, 'உங்கள் வீட்டுப் படங்களையும் உறவினர் எண்களையும் எடுத்துக்கொள்ளப் போகிறோம், சம்மதமா?' என்று தமிழில் கேட்டிருந்தால் மதினியே 'போடா' என்றிருப்பார்கள். (கைதட்டல்) இந்த மாதமே சங்கம் இதைத் தீர்மானமாகப் போட்டு, நம் பகுதி வங்கிகளுக்கும் உறுப்பினர்கள் வேலை செய்யும் காண்டிராக்டர்களுக்கும் அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

செயற்கை அறிவு பற்றிச் சொல்லவில்லையே என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். வருகிறேன். திருட்டு பழசு, கருவி புதுசு. 2023 தொடக்கத்திலேயே ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம், மூன்று விநாடிக் குரல் இருந்தால் அதே குரலில் எதையும் பேசவைக்கும் எந்திரத்தைக் காட்டியது. உங்கள் பையன் ரீல்ஸில் பேசுவது முப்பது விநாடி. அதை எடுத்து ஊரில் இருக்கும் அவன் பாட்டிக்கு, "ஆச்சி, ஆக்சிடெண்ட் ஆயிப்போச்சு, உடனே இருபதாயிரம் போடு, அப்பாவிடம் சொல்லாதே" என்று அழுதால், ஆச்சி என்ன செய்வாள்? மகன் தூரத்தில் இருக்கிற வீட்டில்தான் இந்த வலை நன்றாக விழும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மறைசொல் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கிணற்றின் பெயர், செத்துப்போன மாட்டின் பெயர், எதுவாகவும் இருக்கட்டும், போனில் எழுத வேண்டாம். பணம் கேட்டு அழுகிற குரல் அந்தச் சொல்லைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் போனை வைத்துவிட்டுப் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து, "உன் பெயரில் போதைப் பார்சல், டிஜிட்டல் கைது" என்பான். அப்படி ஒரு கைது இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் கிடையாது. பிள்ளைகள் 2025-ல் தங்கள் போட்டோவைக் கொடுத்து பழைய சினிமா நாயகி போலச் சேலை கட்டிய படம் வாங்கி மகிழ்ந்தார்கள். மகிழட்டும். ஆனால் ஆதார் அட்டையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் அந்தப் பேசும் எந்திரத்தில் போட்டு அர்த்தம் கேட்காதீர்கள். நாம் கொடுப்பதை வைத்தே எந்திரத்துக்குப் பாடம் நடத்துகிற கம்பெனிகள் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் பொத்தானை எங்கோ மூலையில் வைத்திருப்பார்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே கூப்பிடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்க வசதி இருக்கிறது. பூட்டியவர்கள் ரேஷனுக்குப் போகும்போது மறக்காமல் திறந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் என்னைத்தான் திட்டுவீர்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். சென்ற வாரம் பார்த்ததில், நம் உறுப்பினர் ஒருவர் பெயரில் அவருக்கே தெரியாத மூன்று எண்கள் இருந்தன.

நேரமாகிறது. பின்னால் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். போனை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, எந்தெந்தச் செயலிக்கு எதையெதைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நீங்களே மூடுங்கள். பெண்கள் பக்கத்து மேசையில் மதினி இருப்பார்கள். கடன் செயலி மிரட்டல் யாருக்காவது இருந்தால், என்னிடம் சொல்லத் தயங்குவதை அவர்களிடம் சொல்லலாம். சென்ற மாதம் அப்படி இரண்டு பேர் வந்தார்கள். இருவரையும் மதினிதான் புகார் எழுத அழைத்துப் போனார்கள்.